வலம் வந்த தண்ணீர்

என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொன்ன ஆள் கிடையாது. போன வருஷம் ஆடி மாசம் வரைக்கும் கிடையாது.

பெருங்குடியில் எனக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. இன்றைக்கு அதைச் சுற்றி கண்ணாடிக் கட்டடங்கள். நான் வாங்கும்போது சுற்றிக் கோரைப்புல்லும் எருமையும்தான். நான் நாலாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. தெற்கேயிருந்து வந்து தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் குடம் தூக்கி வைக்கிற வேலை பார்த்து, பிறகு அதே தெருவில் சொந்தமாகப் பாத்திரக்கடை போட்டவன். அந்த நிலத்தை வாங்கினபோது என்னைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் இன்றைக்கு அதே பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். பார்த்தால் நான் சிரிப்பதில்லை. சௌக்கியமா என்று கேட்பேன். அது போதும்.

தோட்டத்தில் கட்டடம் கட்டச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். நான் கட்டவில்லை. காரணம் கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இளநீர் மாதிரி தண்ணீர் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கேனில் பிடித்து மேற்கு மாம்பலம் வீட்டுக்குக் கொண்டுபோவேன். சொந்தக்காரர்கள் வந்தால் காப்பிக்கு முன்னால் அந்தத் தண்ணீர்தான் ஒரு சொம்பு. குடித்து முடிக்கிறவரைக்கும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது சொல்லாமல் சொம்பைக் கீழே வைக்க முடியாது.

தோட்டத்தில் கீரை போடுகிறது ஒரு அம்மா. உள்ளூர்தான். புருஷன் தவறிப்போய் ரொம்ப காலம். காலையில் பறித்துக் கட்டி, பஸ் பிடித்து மயிலாப்பூர் மாட வீதியில் கூடையோடு உட்காரும். நிலம் என்னுது, பாடு அந்தம்மாவுது. ஆடி மாசம் ஒரு நாள் நான் தோட்டத்துக்குள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வந்து நின்றது.

"அண்ணாச்சி, தண்ணி கரிக்குது."

"யாரு சொன்னா?"

"மாட வீதில என்னாண்ட வழக்கமா வாங்குற மாமி சொல்லுது. 'ஏண்டிம்மா, உப்புப் போடறதுக்கு முன்னாடியே உன் கீரை கரிக்கறதே, இது என்ன கூத்து'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

"உப்பு மிச்சம்னு சொல்லு."

"சொன்னேன். கீரைக்கட்டைக் கூடைலயே போட்டுட்டு அடுத்த கூடைக்காரியாண்ட போயிட்ச்சி."

நான் தண்ணீரை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். கரித்தது. என் வாய் சரியில்லை என்று நினைத்து நன்றாகக் கொப்பளித்துவிட்டு மறுபடி குடித்தேன். அப்போதும் கரித்தது. கொப்பளித்ததும் அதே தண்ணீர்தான் என்பது பிறகுதான் தோன்றியது.

"எதிர்க் கட்டடத்துல ஆளு எடுக்கறாங்களாம்" என்றது கீரைக்காரம்மா. "கழுத்துல அட்டை மாட்டிக்கினு தரை தொடைக்கணும். இதுவரைக்கும் எவன்கிட்டயும் கை கட்டி நின்னதில்ல நான். ஆனா புரட்டாசிக்குள்ள தண்ணி சரியாவலன்னா போய்டுவேன். கோச்சிக்காத."

புரட்டாசி வந்தால் கறி தின்கிறவனும் கீரைக்கூடையைத் தேடுவான். அந்த மாசத்தை விட்டுவிட்டால் அந்தம்மாவுக்கு வாடிக்கை திரும்பாது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தம்மா போய்விட்டால் வேறு ஆள் போடலாம். ஆனால் என் கிணறு கரித்ததால் ஒரு பொம்பளை அட்டை மாட்டிக்கொண்டு போனாள் என்கிற பேச்சு பெருங்குடியில் வரக்கூடாது.

எங்கள் பக்கத்து மணலுக்கு ஒரு குணம் உண்டு. மேலே மழைத் தண்ணீர் நிற்கும், அதற்கு அடியில் கடல் தண்ணீர் நிற்கும். அளவாக இறைத்தால் இரண்டும் அதது இடத்தில் இருக்கும். விடாமல் இறைத்தால் கீழே இருக்கிறது மேலே ஏறிவிடும். ஆகவே யாரோ விடாமல் இறைக்கிறார்கள் என்று முடிவு செய்து நேராக எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். வாசலில் போட்டோ எடுத்து என் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டினார்கள். உள்ளே ஒரு ஆபீசர், தாங்கள் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம், போர் கிடையாது என்று மரியாதையாகச் சொன்னார். ஏசி நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கீரைக்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தது. "உனக்கும் அட்டை குட்த்தாங்களா" என்று கேட்டுவிட்டுச் சொன்னது: "அவுங்களை ஏன் போய்க் கேக்கற அண்ணாச்சி. நம்ம மோட்டாரே காலைல போட்டா மத்தியானம் வரைக்கும் ஓடிக்கினு கீது. முன்னல்லாம் நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தொட்டி ரொம்பிடும்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மோட்டாருக்கு வயசாயிடுச்சு, நம்மளை மாதிரின்னு நீதான் சொன்ன."

சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது விஷயம் விளங்கிவிட்டது. கிணற்றிலிருந்து கிளம்புகிற தண்ணீர் தொட்டிக்கு முழுசாக வந்து சேரவில்லை. பூமிக்குள் எங்கேயோ பைப் ஒழுகுகிறது. அதனால் மோட்டார் ஓட ஓட, கடல் மேலே ஏறுகிறது. களிமண் தரையாக இருந்தால் மேலே சேறு கட்டி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மணல் அப்படி இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே வாங்கிக்கொண்டு மேலே உலர்ந்த முகமாக இருக்கும்.

ஒழுகல் என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குடத்தை விரலால் சுண்டினால் அதில் கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் சொல்லுவேன். தி.நகரில் இந்தக் காதுக்கு ஒரு பேர் உண்டு. மற்றக் கடைக்காரர்கள் சரக்கு இறக்கும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பின காலமும் உண்டு.

முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, பாத்திகளுக்குப் போகிற வால்வுகளையெல்லாம் இறுக்கி மூடினேன். தொட்டிக்கு மேலே கடப்பைக்கல் பாவியிருக்கிறது, காக்காயும் இலையும் விழாமல் இருக்க. ஆள் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு மட்டும் விட்டிருக்கிறது. அதன் வழியாக ஒரு கம்பை விட்டு, ஈரம் எதுவரை ஏறுகிறது என்று கரிக்கட்டியால் கோடு போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி விட்டேன். ஈரம் அதே கோட்டில் நின்றது. ஆகவே தொட்டியில் கோளாறு இல்லை, தொட்டிக்கு அப்புறமும் இல்லை. கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில்தான்.

நடுவில் இருப்பது ஒரே பைப். நான் வெயிலில் நின்று போட வைத்தது. தென்கிழக்கே அக்கினி மூலையில் கிணறு, தோட்டத்துக்கு நடுவில் தொட்டி, இரண்டுக்கும் நேர்கோடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பைப் மேலேயே நடந்துபோவேன் என்றேன்.

"நடந்து காட்டு" என்றது கீரைக்காரம்மா.

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றிலிருந்து தொட்டி வரைக்கும் நடந்தேன். தொட்டிச் சுவரில் கால் இடித்த இடத்தில்தான் நின்றேன். ஒரு அடி கூட விலகவில்லை.

மறுநாள் பிளம்பரை வரச் சொன்னேன். அவரும் பெருங்குடி ஆள், என் தோட்டத்து வேலை எல்லாம் அவர்தான் செய்வார். எதைக் காட்டினாலும் அவர் வாயில் ஒரே பதில்தான்: "புதுசா போட்றலாம் நைனா." குழாய் சொட்டினாலும் புதுசு, குழாய் சொட்டாவிட்டாலும் புதுசு. அன்றைக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "தோண்டிப் பாக்கலாம்னா பாக்கலாம் நைனா" என்றார். வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு கடப்பாரையை எடுத்தேன். பைப் போகிற வழியில் கடப்பாரையை ஆழமாக இறக்கி, மேல் நுனியில் காதை வைத்தால் பூமிக்குள் தண்ணீர் சீறுகிற சத்தம் இரும்பு வழியாக ஏறி வரும். இரும்பு பொய் சொல்லாது. தொட்டி வரைக்கும் குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டே போனேன். சீறல் இல்லை. சீறல் இல்லாதது மட்டுமல்ல, தண்ணீர் ஓடுகிற சத்தமே இல்லை.

"பைப் ஆழத்துல இருக்கு" என்றேன்.

"ஆழம்தான் நைனா" என்றார் பிளம்பர்.

தோண்டினோம். அவர் தோண்டினார், நான் இடம் சொன்னேன். நான் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில் பைப் வந்தது. குனிந்து விரலால் சுண்டினேன். காலிக் குடத்தின் சத்தம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, பைப் காலி. பிளம்பரை அறுக்கச் சொன்னேன். உள்ளே கொஞ்சம் எறும்பு இருந்தது. பைப்பைப் பிடித்துக்கொண்டே கிணற்றுப் பக்கம் தோண்டிப் போனால், கிணற்றை ஒட்டி அதன் வாயில் ஒரு டம்மி மூடி ஒட்டியிருந்தது. யாரோ என் பைப்பை அடைத்துவிட்டிருக்கிறார்கள்.

"இது யாரு போட்டது?"

பிளம்பர் கடப்பாரை நுனியைத் துடைத்தார். "அம்மா வரட்டும் நைனா."

"எந்த அம்மா?"

"வூட்டு அம்மா."

பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த கீரைக்காரம்மா தலையை நிமிர்த்தாமலே தோள் குலுங்கச் சிரித்தது.

என் வீட்டுக்காரி மத்தியானம் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பள்ளத்தைப் பார்த்தாள். அறுத்த பைப்பைப் பார்த்தாள். பிளம்பரைப் பார்த்தாள். அவர் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். "சோறு ஆறுது."

எங்கள் எல்லோருக்கும் வாழையிலை போட்டு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றினாள். நான் மோருக்கு வரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். மூன்று வருஷம் முன்னால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாமல் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து தோட்டத்தைக் காட்டினாளாம். தண்ணீர் அக்கினி மூலையிலிருந்து நேராகத் தொட்டிக்கு வருவதுதான் குறை, அது வடகிழக்கே ஈசானி மூலையிலிருந்துதான் வர வேண்டும் என்று அவர் சொன்னாராம். நான் குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பிளம்பரை விட்டு வேலையை முடித்துவிட்டாள்.

"கிணத்துலேர்ந்து கிழக்குச் சுவரை ஒட்டி ஏறினா ஈசானி மூலை பக்கத்துலதானே இருக்கு" என்றேன். எனக்கு வாஸ்து பிடிக்காது. ஆனால் தூரம் தெரியும்.

"அப்படி வந்தா இடமா சுத்துத மாதிரி ஆயிடும்னாரு. அது எழவு வீட்டுச் சுத்து. வலமாத்தான் வரணும்னாரு. அதான் தெக்குச் சுவரு, மேக்குச் சுவரு, வடக்குச் சுவருன்னு சுத்தி ஈசானிக்கு வந்து தொட்டிக்குப் போவுது."

என் கிணற்றுத் தண்ணீர் இத்தனை வருஷமாகத் தோட்டத்தைப் பிரதட்சணம் செய்துவிட்டுத் தொட்டியில் விழுந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பிய. அதான் சொல்லல."

"இவரும் சொல்லல. காலையிலேர்ந்து காலி பைப்பைத் தோண்டுறாரு."

"அம்மா சொல்லாதன்னுச்சு. நீ தோண்டுன்ன. ரெண்டும் பண்ணேன் நைனா" என்றார் பிளம்பர்.

வீட்டுக்காரி இலையை மடித்தாள். "அது கெடக்கட்டும். தொட்டியில தண்ணி விழுத சத்தம் ஒரு மூலையிலேர்ந்து இன்னொரு மூலைக்கு மாறிட்டு. தி.நகர்ல பேரு வாங்குன காதுக்கு அது கேக்கலையா?"

இதற்குப் பதில் இருக்கிறது. கீறலைக் கேட்கிற காது இடத்தைக் கேட்காது. இரண்டும் வேறு வேலை. ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை. மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊரிலிருந்து திரும்பின அடுத்த மாசமே அடையாறிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. என் பேருக்காக வந்த சம்பந்தம் என்று கல்யாணத்தில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த மௌனத்துக்கு அர்த்தம் விளங்கியது. நான் சொன்னதில் மாற்றம் இல்லை. என் பேருக்காகத்தான் வந்தார்கள்.

இலை எடுத்ததும் பிளம்பரிடம் சொன்னேன், டம்மியை அறுத்துவிட்டு என் நேர் பைப்பையே மறுபடி சேர்த்துவிடு, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று.

"சேக்கக்கூடாது" என்றாள் வீட்டுக்காரி. "அவ நெறமாசமா இருக்கா. பிள்ளை பெறுத வரைக்கும் தண்ணி போற வழிய மாத்தக்கூடாது."

"பெத்த பொறவு?"

"பெத்த பொறவு பிள்ளை நல்லா இருக்க வேண்டாமா?"

நான் கீரைக்காரம்மாவைப் பார்த்தேன். நேராகச் சேர்த்தால் அந்தம்மாவுக்கு அன்றைக்கே விடிவு. சுற்றுப் பைப்பில் ஓட்டையைத் தேடுவது என்றால் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் பக்கம் பேசும் என்று நினைத்தேன்.

அந்தம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்தது. "மாசமா கீற பொண்ணு" என்றது. "தண்ணி சுத்தியே வரட்டும். ஆனா ஓட்டையச் சீக்கிரம் பாரு அண்ணாச்சி. அங்க ஆளு எடுத்துக்கினு கீறாங்க."

மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். தெற்குச் சுவரை ஒட்டி வைத்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, எண்ணெய் வைத்த சக்கரம் மாதிரி சீராக. பிளம்பர் முன்னால் போய்ப் பைப் இருக்கிற இடத்தைக் காலால் காட்ட, நான் குத்திக்கொண்டே மேற்குச் சுவருக்குத் திரும்பினேன். பெருங்குடி குப்பைமேட்டுக் காற்று அடித்ததால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. அதுவும் நல்லதற்குத்தான். சத்தம் இன்னும் தெளிவாக ஏறியது. ஆனால் சீறல் இல்லை.

வடமேற்கே வாயு மூலைக்குக் கிட்டே வந்ததும் கீரைக்காரம்மா முன்னால் ஓடிவந்து நின்றது.

"அங்க குத்தாத."

அந்த மூலையில் பொன்னாங்கண்ணி மண்டிக் கிடந்தது. தோட்டத்தில் மற்ற கீரையெல்லாம் மஞ்சள் பூத்து நிற்கும்போது அது மட்டும் கரும்பச்சையாக, தண்டு விரல் கனத்தில். யாரும் அங்கே தண்ணீர் விட்டதில்லை. தானாக வளர்ந்தது. பொன்னாங்கண்ணி கொஞ்சம் உப்பையும் தாங்கும்.

"என் கைராசில வளந்தது அது" என்றது அந்தம்மா. "கண்ணுக்கு நல்லதுன்னு மாமிங்க பேரு சொல்லிக் கேட்டு வாங்குதுங்க. இப்ப விக்கறது அது ஒண்ணுதான்."

தோட்டத்துக்கு வருகிறவர்களை அந்த மூலைக்கு அழைத்துப் போய், நான் முதல் மண்வெட்டி போட்ட இடம் இது, என் கை பட்ட மண் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று காட்டுவது என் வழக்கம். வீட்டுக்காரி எங்கள் பின்னாலேயே வந்து, "தண்ணி வலமா சுத்துத எடம். பச்சையாத்தான் இருக்கும்" என்றாள். மூன்று பேரும் அந்தக் கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிளம்பர் மட்டும் தரையைப் பார்த்தார்.

நான் ஓரமாக, ஒரு தண்டும் நசுங்காமல் கடப்பாரையை இறக்கினேன். காதை வைத்தேன். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு சத்தம் எழும்புமே, அதுதான்.

"இங்கதான்" என்றேன்.

கீரைக்காரம்மா என்னைப் பார்த்தது, கடப்பாரையைப் பார்த்தது. பிறகு தானே நுனியில் காதை வைத்துக் கேட்டது. எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டது.

"நவுரு. நீங்க வெட்னா வேரு போய்டும்."

உட்கார்ந்து பொன்னாங்கண்ணி முழுவதையும் வேரோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தது. என்னுடைய கைமண்ணும், அந்தம்மாவின் கைராசியும், வீட்டுக்காரியின் வாஸ்துவும் அந்தச் சாக்குக்குள் அடங்கிவிட்டன. பிளம்பர் தோண்ட ஆரம்பித்ததும் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. மோட்டாரை நிறுத்தி, ஊறினதை இறைத்துக் கொட்டிப் பார்த்தால், பைப் மூலையில் திரும்புகிற இடத்தில் எல்போ மூட்டே இல்லை. பைப்பை நெருப்பில் வாட்டி, கையால் வளைத்துத் திருப்பியிருந்தது. வளைவின் வெளிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது.

"எல்போ எங்க?"

"ஒண்ணு கொறஞ்சிட்ச்சி நைனா. கடைக்குப் போலாம்னா, நீ ரயில்லேந்து எறங்குற நேரம்னு அம்மா சொல்லிச்சு. வைக்கோலைக் கொளுத்தி வளச்சிட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

பிளம்பர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "புதுசா போட்றலாம் நைனா."

புதுசாகப் போட்டார். எல்போ வைத்து, ஒட்டின இடம் காய்கிற வரைக்கும் காத்திருந்து மண்ணைத் தள்ளினோம். மறுநாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கீரைக்காரம்மா டீ குடிக்கப் போனது. டம்ளரைக் கீழே வைக்கும் முன்னால் தொட்டி நிரம்பி வழிகிறது என்று நான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆனால் உப்பு உடனே இறங்கவில்லை. ஏறினது அதன் நேரத்தில்தான் இறங்கும். கிணற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பாத்திகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். எதிர்க் கட்டடத்துக்கு வருகிற அதே லாரிதான். டிரைவர் இந்தப் பக்கம் திரும்பும்போது வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு அந்த மாசம் நேராகக் காப்பி கொடுத்தோம். ஒருவர்கூடத் தண்ணீரைக் கேட்கவில்லை. ஆவணியில் நாலு நல்ல மழை விழுந்தது. ஒரு நாள் கிணற்றில் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். கொப்பளிக்காமலே தெரிந்தது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தண்ணீர் வலமாக வந்ததால் சுகப்பிரசவம் என்று வீட்டுக்காரி அடையாறு முழுக்கச் சொன்னாள். பேத்தி என் சாயல். பைப் இன்றைக்கும் மூன்று சுவரையும் சுற்றித்தான் வருகிறது. பொன்னாங்கண்ணியைத் திரும்ப அதே மூலையில் நட்டோம், பிடிக்கவில்லை. கைராசிக்கு ஒரு தனிக் குழாய் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டது கீரைக்காரம்மா. வைத்துக் கொடுத்தேன். இப்போது நன்றாக வருகிறது.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு காலை, கடை திறக்கும் முன்னால் மயிலாப்பூருக்குப் போய் மாட வீதியில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கூடை முன்னால் அந்த மாமி குனிந்து நின்றிருந்தார். முந்தின நாள் வாங்கிப் போயிருக்கிறார் போலிருக்கிறது.

"ஏண்டிம்மா, நேத்து உன் கீரை சப்புனு இருந்ததே. உப்பே இல்லை."

"உப்பு உங்க ஆத்துல கீதில்ல மாமி" என்றது கீரைக்காரம்மா, கட்டைத் தண்ணீரில் தோய்த்து உதறிக்கொண்டே. "போட்டுக்கோ."

மாமி ஒரு கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். வைத்துவிட்டார். பிறகு அதையும், பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.